ஆல்ப்ஸ் மலையில் மொழி எல்லை எங்கே ஓடுகிறது? பிவியோ என்ற ஊரை வைத்து ஒரு பதில்

ஆல்ப்ஸ் மலைக்குள், மொழிகள் சந்திக்கும் எல்லையில் இருக்கும் ஒரு சின்னக் கிராமத்தில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் எந்த மொழி பேசுவார்கள், மொழிச் சண்டை வராதா, நாம் அங்கே போனால் எந்த மொழியில் வாய் திறப்பது என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். பொதுவாகப் பதில் சொன்னால் ஒன்றும் விளங்காது. ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். சுவிட்சர்லாந்தின் கிழக்குக் கோடியில், கிராவ்புண்டன் மாநிலத்தில், 1,769 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிவியோ. ஏறத்தாழ 200 பேர் வாழும் ஊர். 1984இல் வெளிவந்த ஒரு மொழியியல் ஆய்வு இதை 'ஏழு மொழிக் கிராமம்' என்றே அழைத்தது. அத்தனை சிறிய இடத்துக்குள் அத்தனை மொழிகள் எப்படி வந்து சேர்ந்தன என்பதில்தான் உங்கள் கேள்விகளுக்கெல்லாம் விடை இருக்கிறது.

முதலில் பெயர். பிவியோ என்பது 'இரு வழி' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பழந்தமிழில் வழி பிரியும் இடத்தைக் 'கவலை' என்பார்கள். அந்தச் சொல் இந்த ஊருக்கு அப்படியே பொருந்தும். வடக்கே மாநிலத் தலைநகரான கூர் நகரத்திலிருந்து ஏறி வரும் பாதை இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை யூலியர் கணவாய் வழியாகக் கிழக்கே எங்கடின் பள்ளத்தாக்குக்குப் போகிறது. மற்றொன்று செப்டிமர் கணவாயைத் தாண்டித் தெற்கே பெர்கெல் பள்ளத்தாக்கில் இறங்கி இத்தாலிக்குப் போகிறது. ஜெர்மன் பேசியவர்கள் பழைய நாளில் இந்த ஊரை 'ஸ்டாலா' என்றார்கள். தொழுவம் என்று பொருள். இந்த மலைகளின் பழைய மொழியான ரோமாஞ்சில் 'பெய்வா'. ஊருக்கு மட்டுமல்ல, சுற்றியிருக்கும் எல்லாவற்றுக்கும் இப்படித்தான். யூலியர் கணவாய் ஜெர்மனில் யூலியர், எங்கடின்காரர்களுக்குக் 'கூல்யா'. ஊர் வழியாக ஓடும் ஆறு ஒரு மொழியில் யூலியா, இன்னொன்றில் 'ஜெல்ஜா'. செப்டிமர் தெற்கே இருப்பவர்களுக்கு 'செத்திமோ'. ஒரே மலையைப் பார்த்துக்கொண்டு வளரும் குழந்தைகள், எந்தப் பக்கத்துக்காரர் கேட்கிறார் என்று பார்த்து அதன் பெயரைச் சொல்லப் பழகுகிறார்கள்.

இனி, எல்லா வரைபடங்களையும் பொய்யாக்கும் விஷயம். மலைத்தொடரின் முதுகுதான் மொழிகளைப் பிரிக்கிறது, வடக்கே ஜெர்மன், தெற்கே இத்தாலிய மொழி என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். பிவியோவின் தண்ணீர் வடக்கே ஓடுகிறது. அந்தச் சிற்றாறு கீழே அல்புலா ஆற்றில் விழுந்து, அது ரைன் நதியில் கலந்து, வட கடலில் சேர்கிறது. எனவே புவியியல்படி இது முழுக்க முழுக்க வடபக்கத்து ஊர். ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் ஊராட்சியின் மொழியாகவும் தேவாலயத்தின் மொழியாகவும் பள்ளியின் மொழியாகவும் இங்கே இருந்தது இத்தாலிய மொழி. ரைன் படுகையில் இப்படி ஒரு தனி ஊராட்சி வேறு இருந்ததில்லை.

ஊருக்குத் தெற்கே சில மணி நேர நடையில் லுங்கின் கணவாய் இருக்கிறது. 2,645 மீட்டர். அந்த இடத்தில் விழும் மழைத்துளி மூன்று திசைகளில் எங்கு வேண்டுமானாலும் போகலாம்: ரைன் வழியாக வட கடலுக்கு, இன் ஆறும் டான்யூபும் வழியாகக் கருங்கடலுக்கு, மைரா ஆறும் போ நதியும் வழியாக அட்ரியாட்டிக் கடலுக்கு. ஐரோப்பாவின் மூன்று பெரும் நீர்ப்பிரிப்புகள் சந்திக்கும் அந்த முனையைச் சுற்றித்தான் ஜெர்மன், ரோமாஞ்ச், இத்தாலிய மொழி மூன்றும் சந்திக்கின்றன. ஆனால் மொழிகள் தண்ணீர் போன வழியில் போகவில்லை. மாடு போன வழியில் போயின.

பெர்கெல் பள்ளத்தாக்கு குறுகலானது, செங்குத்தானது. அடிவாரத்தில் கஷ்கொட்டை மரம் வளரும் அளவுக்கு வெதுவெதுப்பு. ஆனால் கோடையில் மாடுகளை மேய்க்கப் பரந்த புல்வெளி குறைவு. கணவாய்க்கு இந்தப் பக்கம் பிவியோவைச் சுற்றி நல்ல புல்வெளிகள் விரிந்து கிடந்தன. சோலியோ முதலான பெர்கெல் ஊர்களின் விவசாயிகள் கோடைதோறும் மாடுகளை ஓட்டிக்கொண்டு செப்டிமரைக் கடந்து வந்தார்கள். மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள், பிறகு வாங்கினார்கள். கோடைக் குடிசை நாளடைவில் குளிர்காலத்துக்கும் தாங்கும் வீடாகியது. அதற்கு முன்பு இங்கே பேசப்பட்டது ரோமாஞ்ச். படையெடுப்போ அரச ஆணையோ எதுவும் இல்லாமல், புல்லைத் தேடி வந்த மாடுகளின் பின்னால் ஒரு மொழி கணவாய் ஏறி வந்து ஊரில் உட்கார்ந்துவிட்டது. கிழக்கே இன் ஆற்றின் தலைப்பில் இருக்கும் மலோயாவிலும் இதே கதைதான். அதுவும் பெர்கெல்காரர்களின் கோடை மேய்ச்சல் இடமாக இருந்து ஊரானது.

ரோமாஞ்ச் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கி.மு. 15இல் ரோமானியப் படைகள் ஆல்ப்ஸ் மலையைப் பிடித்தன. செப்டிமர் கணவாயின் உச்சியிலேயே அவர்களுடைய படைமுகாம் ஒன்று அகழ்வாய்வில் வெளிவந்திருக்கிறது. அவர்கள் கொண்டுவந்த பேச்சு லத்தீன் இந்தப் பள்ளத்தாக்குகளில் தனித்தனியாக வளர்ந்து ரோமாஞ்ச் ஆனது. இத்தாலிய மொழிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறுபடும் அதற்கு ஐந்து எழுத்து வழக்குகள் இருக்கின்றன. பிவியோவுக்குக் கீழே இருக்கும் சுர்செஸ் பள்ளத்தாக்கில் வழங்குவது சுர்மிரான். யூலியருக்கு அப்பால் மேல் எங்கடினில் வழங்குவது புத்தேர். சுவிஸ் மக்கள்தொகையில் இன்று ரோமாஞ்ச் பேசுவோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

பெர்கெல்காரர்கள் கொண்டுவந்த பேச்சும் பாடப்புத்தக இத்தாலிய மொழி அல்ல. 'பர்காயோத்' என்று அவர்கள் அழைக்கும் அந்தப் பேச்சு வட இத்தாலியின் லொம்பார்டிய வழக்குகளுக்கும் ரோமாஞ்சுக்கும் நடுவில் நிற்பது. சாவிக்கு இத்தாலிய மொழியில் 'கியாவே', ரோமாஞ்சில் 'கிளாவ்'. லத்தீனின் பழைய 'கிள' ஒலி பெர்கெல் பேச்சிலும் கரையாமல் நிற்கிறது. அதாவது பிவியோவுக்கு வந்து சேர்ந்த மொழியே தனக்குள் ஓர் எல்லையைச் சுமந்துகொண்டுதான் வந்தது. இதை நான் எப்போதும் வியப்போடு நினைத்துக்கொள்வேன். எல்லை என்பது இரண்டு திடமான பொருட்களுக்கு நடுவில் கிழித்த கோடு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் ஒரு மொழி மெல்ல மெல்ல அடுத்ததாக மாறிக்கொண்டே போகிறது. எந்த ஊரில் மாறியது என்று கேட்டால் யாராலும் காட்ட முடியாது.

பிறகு மதம் வந்து இதை இறுக்கியது. உங்கள் 'சண்டை வராதா' என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. 1526இல் இந்தப் பகுதியை ஆண்ட மூன்று ஊர்க் கூட்டணிகள் இலான்ட்ஸ் ஊரில் கூடி, கத்தோலிக்கமா சீர்திருத்தச் சபையா (புராட்டஸ்டண்ட்) என்பதை அவரவரே முடிவு செய்யலாம் என்ற வழியைத் திறந்தன. பேரரசர்களும் மன்னர்களும் மதத்தை மேலிருந்து திணித்த காலத்தில் இது அரிய ஏற்பாடு. இத்தாலியில் போப்பாண்டவருக்கு அஞ்சித் தப்பி வந்த சீர்திருத்தப் போதகர்கள் பெர்கெலில் தஞ்சம் புகுந்தார்கள். முன்னாள் பிஷப்பான பியர் பாவ்லோ வெர்ஜேரியோ 1550களின் தொடக்கத்தில் அங்கே விகோசொப்ரானோ ஊரில் போதகராக இருந்தார். இப்படி இத்தாலிய மொழி பேசும் சீர்திருத்தச் சபைப் பள்ளத்தாக்கு ஒன்று உருவானது. அங்கிருந்து வந்த குடும்பங்கள் பிவியோவிலும் அந்தச் சபையைச் சேர்ந்தவர்களாயிருந்தார்கள். கீழே சுர்செஸ் பள்ளத்தாக்கோ கத்தோலிக்கமாகவே, ரோமாஞ்ச் பேசிக்கொண்டே நின்றது. ஆக ஒரு சிறிய ஊரில் இரண்டு தேவாலயங்கள். சீர்திருத்தச் சபைக்காரர் தெற்கே பார்த்தார். அவருக்குப் பெண் எடுக்கும் ஊரும் பைபிளின் மொழியும் அங்கே. கத்தோலிக்கர் வடக்கே பார்த்தார். அவருடைய உறவும் பாதிரியாரும் ரோமாஞ்ச் பக்கம்.

இரண்டு பக்கத்தாரும் ஒரே புல்வெளியில் மாடு விட வேண்டும், ஒரே பனிச்சரிவுக்குப் பயப்பட வேண்டும், ஒரே பாதையைச் செப்பனிட வேண்டும். அதனால் பிரிவு இருந்தும் ஊர் உடையவில்லை. மலையூர்களில் சண்டை பெரும்பாலும் மேய்ச்சல் உரிமைக்கும் தண்ணீருக்கும் காட்டு மரத்துக்கும்தான் வந்திருக்கிறது. மொழிக்காக ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளும் வசதி 1,769 மீட்டர் உயரத்தில் யாருக்கும் இருக்கவில்லை என்றே நான் நம்புகிறேன்.

அதற்கு மேல், மொழிகள் அவர்களுக்குச் சோறும் போட்டன. 1387இல் கூர் நகரத்துப் பிஷப்புடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, யாக்கோப் ஃபொன் காஸ்டெல்மூர் என்பவர் பெர்கெல் பக்கத்திலிருந்து செப்டிமர் வழியாக வடக்கே தினிட்சோங் என்ற ஊர் வரை வண்டி போகும் அளவுக்குப் பாதை போட்டார். இத்தாலியச் சரக்கு வடக்கே போகும், வடக்கத்திச் சரக்கு தெற்கே போகும். அந்தச் சுமையைத் தூக்கும் உரிமை பாதையோர ஊர்களின் கூட்டமைப்புகளுக்கே உண்டு. ஒவ்வோர் ஊராரும் தங்கள் எல்லை வரை சரக்கைக் கொண்டுபோய் அடுத்த ஊராரிடம் ஒப்படைப்பார்கள்; ஊருக்குள் யாருக்கு இன்று என்பது முறை வைத்துத் தீர்மானிக்கப்படும். பாதையைப் பராமரிப்பதும், பனி மூடினால் வழி திறப்பதும் அவர்கள் பொறுப்பு. தெற்கிலிருந்து வந்த வியாபாரியிடம் ஒரு பேச்சு, வடக்கிலிருந்து வந்தவரிடம் வேறொரு பேச்சு, பொதியை ஒப்படைக்கும் கீழூர்க்காரரிடம் இன்னொன்று. பல மொழி அறிவு அங்கே கல்வியாக இருக்கவில்லை. கயிறு முடிவதைப்போல் கைத்தொழிலின் ஒரு பகுதியாக இருந்தது.

1820களில் யூலியர் கணவாய்க்கு நல்ல வண்டிச்சாலை போட்டார்கள். செப்டிமர் அதோடு படுத்துவிட்டது. இன்றுவரை அதன் மேல் கார்ச் சாலை கிடையாது. இந்த ஒரு பொறியியல் முடிவு பிவியோவின் முகத்தைத் தெற்கிலிருந்து திருப்பிவிட்டது. பெர்கெலுக்குப் போகும் வழி மாட்டுப் பாதையாகச் சுருங்க, கூர் நகரத்துக்கும் எங்கடினுக்கும் போகும் வழி அகலமானது. பின்னர் அல்புலா ரயில் பாதை 1903-04இல் எங்கடினை எட்டியபோது அந்தச் சாலையும் வெறிச்சோடியது. கிராவ்புண்டன் மாநிலம் 1900 முதல் 1925 வரை கார்களை முற்றாகத் தடை செய்திருந்தது என்றால் நம்புவீர்களா? பலமுறை வாக்கெடுப்பு நடந்த பிறகே அந்தத் தடை நீங்கியது. அதன் பின் யூலியர் சாலைக்கு மீண்டும் உயிர் வந்தது. இன்று குளிர்காலத்திலும் பனி தள்ளித் திறந்து வைக்கிறார்கள். அந்தச் சாலை வழியாகத்தான் ஜெர்மன் வந்தது.

ஜெர்மன் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரின் இன்றைய வாழ்க்கை அதில்தான் நிற்கிறது. கூர் நகரம் ஒரு காலத்தில் ரோமாஞ்ச் நகரம். 1464இல் பெருந்தீயில் எரிந்தது. திரும்பக் கட்ட வந்த ஜெர்மன் கைவினைஞர்களோடு நகரத்தின் மொழியும் மாறிப்போனது. ரோமாஞ்ச் மக்கள் தங்கள் தலைநகரை அன்று இழந்தார்கள். அச்சகமும் உயர்பள்ளியும் நீதிமன்றமும் இருக்கும் இடத்தில் ஒரு மொழி இல்லையென்றால், பள்ளத்தாக்குகளில் அது வீட்டு மொழியாக மட்டுமே தங்கும். பிவியோவுக்கு மேற்கே இன்னொரு ஜெர்மனும் இருக்கிறது. ஸ்டாலர்பெர்க் கணவாயை ஏறி இறங்கினால் யூஃப். 2,126 மீட்டரில், ஆண்டு முழுவதும் மக்கள் வாழும் ஐரோப்பாவின் மிக உயர்ந்த ஊர்களில் ஒன்று. அங்கே இருப்பவர்கள் வால்சர்கள். இடைக்காலத்தில் மேற்கே வாலே பகுதியிலிருந்து குடிபெயர்ந்து, வேறு யாரும் வாழத் துணியாத உயரங்களில் குடியேறியவர்கள். அவர்களுடைய ஜெர்மன் பழைய மலை ஜெர்மன். கூர் நகரத்தாரின் ஜெர்மனிலிருந்து வேறுபட்டது.

இப்போது அந்த ஏழில் முக்கியமான ஆறை எண்ணிப் பாருங்கள். ஊருக்கே உரிய பெர்கெல் வகைப் பேச்சு, பள்ளியில் கற்ற எழுத்து இத்தாலிய மொழி, கீழூர்களின் சுர்மிரான், எங்கடினிலிருந்து மணம் முடித்து வந்தவர்களின் புத்தேர், கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் கேட்கும் சுவிஸ் ஜெர்மன், பத்திரிகையிலும் அரசுக் கடிதத்திலும் வரும் எழுத்து ஜெர்மன். பேசும் ஜெர்மனும் எழுதும் ஜெர்மனும் வேறு வேறாக இருப்பதை வேறு நாட்டவருக்கு விளக்குவது கடினம். பேச்சுத் தமிழையும் எழுத்துத் தமிழையும் தினமும் மாற்றிக்கொண்டு வாழும் நமக்கு ஒரு வரி போதும்.

இத்தனையும் ஒரே வீட்டுக்குள் எப்படி நடக்கிறது? இப்படிப்பட்ட ஊர்களில் மொழி என்பது இடத்தோடு ஒட்டியதல்ல, ஆளோடு ஒட்டியது. அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று, அண்டை வீட்டுக்காரரிடம் இன்னொன்று. இரண்டு பேர் முதல்முறை பேசிக்கொண்டது எந்த மொழியிலோ, அதுவே அவர்களுக்குள் சாகும்வரை நிலைத்துவிடும். பிறகு இருவருக்கும் வேறொரு மொழி நன்றாக வந்தாலும் மாற்றிப் பேசினால் கூச்சமாக இருக்கும். மொழிக் கலப்பு மணங்களில் அக்காவும் தம்பியும் பெற்றோரிடம் வேறு வேறு மொழி பேசி வளர்வதும் உண்டு. சாப்பாட்டு மேசையில் ஒரே வாக்கியத்தை ஒருவர் தொடங்க, இன்னொருவர் வேறு மொழியில் பதில் சொல்ல, மூன்றாமவர் சிரிக்க, யாரும் எந்த மொழியில் பேசினோம் என்று கவனிப்பதே இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வித்தை. அவர்களுக்கு மூச்சு விடுவது.

ஆனால் அந்த மேசையில் ஜெர்மன் மட்டும் தெரிந்த ஒருவர் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? எல்லோரும் ஜெர்மனுக்கு மாறுவார்கள். விருந்தாளிக்குப் புரியாத மொழியில் அவர் எதிரில் பேசுவது மரியாதை அல்லவே. ரோமாஞ்ச் பேசுபவர் ஒவ்வொருவருக்கும் ஜெர்மன் தெரியும்; ஜெர்மன் பேசுபவர் யாருக்கும் ரோமாஞ்ச் தெரிந்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. மேசையில் பத்துப் பேரில் ஒன்பது பேர் ரோமாஞ்சோ பிவியோப் பேச்சோ பேசுபவர்களாக இருந்தாலும், ஒருவருக்காக மேசை மாறும். ஒருநாள் மாறினால் பாதகமில்லை. அந்த ஒருவர் மருமகளாகவோ மருமகனாகவோ வந்தால், மேசை நிரந்தரமாக மாறுகிறது. அடுத்த தலைமுறையின் முதல் மொழி ஜெர்மன். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை, தடை போடவில்லை, அவமதிக்கவில்லை. நல்ல மனிதர்களின் நல்ல பழக்கத்தாலேயே ஒரு மொழி வீட்டைவிட்டு வெளியேறுகிறது. சண்டை வராதா என்று கேட்டீர்கள். சண்டை வந்திருந்தால் ஒருவேளை விழித்திருப்பார்கள் என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றும்.

2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இதை எண்ணில் காட்டியது. பிவியோவில் பாதிக்கு மேற்பட்டோர் ஜெர்மனைத் தங்கள் முதன்மை மொழி என்றார்கள். இத்தாலிய மொழி என்றவர்கள் 30 சதவீதத்தை ஒட்டி. ரோமாஞ்ச் என்றவர்கள் ஏறத்தாழ எட்டில் ஒருவர். 'முதன்மை மொழி ஒன்றைச் சொல்' என்ற கேள்வியே இப்படிப்பட்ட ஊருக்கு நியாயம் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு மொழியில் வாழும் ஒருவர் ஒன்றைத்தான் குறிக்கலாம் என்றால், மற்ற ஐந்தும் அட்டவணையில் மறைந்துவிடும். 1990 முதல் வீட்டிலும் வேலையிலும் எந்தெந்த மொழி பேசுகிறீர்கள் என்றும் தனியாகக் கேட்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் உண்மைப் படம் கொஞ்சம் தெரிந்தது.

அரசு என்ன செய்கிறது? சுவிஸ் அரசமைப்பு நான்கு தேசிய மொழிகளை ஏற்கிறது. ரோமாஞ்ச் அந்த இடத்தைப் பெற்றது 1938 பிப்ரவரி 20 வாக்கெடுப்பில். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆதரித்தார்கள். முசோலினியின் இத்தாலி, ரோமாஞ்ச் என்பது இத்தாலிய மொழியின் ஒரு கிளைவழக்கு, ஆகவே அந்த மண்ணும் எங்களுக்குரியது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. நாடு முழுவதும், ஜெர்மன் பேசுபவர்களும் பிரெஞ்சு பேசுபவர்களும், தாங்கள் ஒரு சொல்கூடப் புரிந்துகொள்ளாத ஒரு மொழிக்குக் கை தூக்கினார்கள். அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறையும்.

ஆனால் அன்றாட ஆட்சியில் சுவிஸ் நாட்டின் விதி வேறு: மொழி உரிமை ஆளுக்கு அல்ல, நிலத்துக்கு. பெரும்பாலும் ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு மொழி உண்டு; அங்கே குடியேறுபவர் அந்த மொழிக்குத் தக்கபடி நடந்துகொள்ள வேண்டும். கிராவ்புண்டன் 2006இல் நிறைவேற்றி 2008 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த மொழிச் சட்டம் இதைக் கணக்காகவே வைத்தது. ஊரின் பழைய மொழியைப் பேசுவோர் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அது அந்த மொழிக்கே உரிய ஊராட்சி. 20 முதல் 40 சதவீதம் வரை என்றால் பன்மொழி ஊராட்சி. ஒற்றை மொழிப் பள்ளத்தாக்குகளுக்கு இது நல்ல வேலி. பிவியோவைப் போன்ற ஊருக்கு? அதன் 'பழைய மொழி' எது என்பதே ஒரு நூற்றாண்டுக்கு ஒரு பதில் தரும் கேள்வி. நிலத்தை அளந்து மொழியைக் காக்கும் சட்டத்துக்குக் கவர்வழியில் இருக்கும் ஊர் எப்போதும் இடைஞ்சல்தான். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. வேலி இல்லாமல் இருந்திருந்தால் கீழூர்களில் ரோமாஞ்ச் இன்னும் வேகமாகக் கரைந்திருக்கும்.

பிவியோவுக்கு அடுத்த கீழூரான மர்மொரேராவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ரோமாஞ்ச் பேசிய ஊர். சூரிச் நகரத்துக்கு மின்சாரம் எடுக்க அணை கட்டினார்கள். 1954இல் அந்த ஊர் நீரில் மூழ்கியது. வீடுகள், தேவாலயம் எல்லாம் போயின. ஏரிக்கு மேலே கரையில் சில வீடுகள் புதிதாகக் கட்டப்பட்டன. பெரும்பாலோர் பிரிந்து போய்விட்டார்கள். இன்று யூலியர் சாலையில் போகிறவர்கள் அழகான பச்சை ஏரி என்று நின்று படம் எடுக்கிறார்கள். ஒரு மொழிக்கு ஓர் ஊர் போவது என்பது தலை எண்ணிக்கையில் தெரியாத இழப்பு. பிவியோக்காரருக்கு ரோமாஞ்சில் பேச்சுத் துணையாக இருந்த அடுத்த வீட்டையே தண்ணீர் கொண்டுபோனது.

மற்ற வாழ்க்கை எந்த உயர்மலை ஊரையும் போன்றது, சுருக்கமாகவே சொல்கிறேன். இந்த உயரத்தில் தானியம் விளையாது, புல்தான் செல்வம். குறுகிய கோடையில் சரிவுகளில் புல்லை அறுத்து உலர்த்திக் களத்தில் சேர்த்தால்தான் மாடுகள் நீண்ட குளிர்காலத்தைத் தொழுவத்தில் கழிக்க முடியும். சமையலறையிலும் இரண்டு பக்கமும் வந்து சேர்கின்றன: தெற்கிலிருந்து சோளமாவுக் களியும் கஷ்கொட்டையும், வடக்கிலிருந்து வாற்கோதுமைக் கஞ்சியும் உலர்த்திய மாட்டிறைச்சியும். மார்ச் முதல் நாளில் இந்தப் பள்ளத்தாக்குகளின் பிள்ளைகள் மாட்டு மணிகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஆட்டி, குளிரை விரட்டுவார்கள். 'சலாந்தாமார்ஸ்' என்று எங்கடினில் பெயர். ரோமானியரின் பழைய ஆண்டுத் தொடக்கத்தின் எச்சம் அது. வெளியே இன்னும் ஆள் உயரப் பனி கிடக்கும். இப்போது வருமானத்தில் பெரும்பங்கு பனிச்சறுக்குக்கு வருபவர்களிடமிருந்தும் மலையேறிகளிடமிருந்தும் வருகிறது. அவர்கள் பெரும்பாலும் ஜெர்மன் பேசுபவர்கள். மேசை ஏன் மாறியது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2016 ஜனவரி 1 முதல் பிவியோ தனி ஊராட்சி இல்லை. பள்ளத்தாக்கின் ஒன்பது ஊராட்சிகள் சேர்ந்து சுர்செஸ் என்ற ஒரே ஊராட்சியாகிவிட்டன. இருநூறு பேருக்குத் தனி நிர்வாகம் நடத்துவது கடினம் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு மொழிக்குத் தன் பெயரில் ஒரு ஊராட்சி அலுவலகம், ஒரு கூட்டம், ஓர் அறிவிப்புப் பலகை இருப்பது எவ்வளவு பெரிய கவசம் என்று நினைத்தால், ரைன் படுகையின் ஒரே இத்தாலிய மொழி ஊராட்சி ரோமாஞ்சும் ஜெர்மனும் பேசும் பெரிய ஊராட்சிக்குள் கரைந்தது வருத்தமாகவே இருக்கிறது. அதே சமயம் பள்ளத்தாக்கு சும்மா இருக்கவில்லை. ரியோம் ஊரை மையமாகக் கொண்ட ஒரிகேன் என்ற கலை அமைப்பு, 2017 முதல் 2023 வரை யூலியர் கணவாயின் உச்சியில் சிவப்பு மரக் கோபுரம் ஒன்றை நாடக அரங்காக நிறுத்தியிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேரே மிஞ்சியிருந்த முலேன்ஸ் ஊரில் 2025இல் முப்பரிமாண அச்சு முறையில் உருவாக்கிய வெள்ளைக் கோபுரத்தை எழுப்பியது. ரோமாஞ்ச் பேசும் பள்ளத்தாக்கில் அருங்காட்சியகம் மட்டுமல்ல, புதிய படைப்பும் பிறக்க வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கடைசிக் கேள்வி: நீங்கள் போனால் எந்த மொழியில் பேசுவது? ஜெர்மன் தெரிந்தால் எல்லா வேலையும் முடியும். ஆனால் அதைக் கொண்டு தொடங்காதீர்கள். முதலில் 'புவோன் ஜோர்னோ' என்று இத்தாலிய மொழியில் வணக்கம் சொல்லுங்கள். உங்களுக்கு அதற்கு மேல் ஒரு சொல்லும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மேசையை உங்களுக்காக மாற்றியாக வேண்டிய அவசரம் அவர்களுக்கு ஒரு கணமாவது தள்ளிப்போகும். கூர் நகரத்திலிருந்து மஞ்சள் நிறப் பஸ் யூலியர் சாலையில் ஏறி வருகிறது. ஜூலையிலோ ஆகஸ்டிலோ போகிறீர்கள் என்றால் ஊரில் இறங்கி, சாலையை விட்டுவிட்டு, தெற்கே செப்டிமர் பாதையில் நடந்து பெர்கெலில் இருக்கும் கசாச்சா ஊருக்கு இறங்குங்கள். அரை நாள் நடை. 1387இல் போட்ட வழியின் கற்கள் சில இடங்களில் இன்னும் காலில் படும். பெர்கெல் மாடுகள் எதிர்த்திசையில் ஏறி வந்த அதே வழி அது.